நடு எழுத்து

பறை தொடங்கிவிட்டது. தொடங்கட்டும். ஏரம்பர் குசினிக்குப் பின்னால் தான் குந்தியிருந்த மர வாங்கை விட்டு அசையவில்லை. தகர வேலிக்கு அந்தப் பக்கம் தில்லையம்பலம் செத்துக் கிடக்கிறான், இந்தப் பக்கம் மீன்குழம்பு கொதிக்கப்போகிறது, இரண்டும் சரியாகத்தான் இருக்கிறது. காலையில் மீன்காரன் செத்தவீட்டைக் கண்டுவிட்டு கோர்ன் அடிக்காமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான். படலைக்குப் போய்க் கைதட்டிக் கூப்பிட்டது அவர்தான். பெட்டிக்குள் பாரை இருந்தது. மகள் தவமலர் மீனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். “ஐயா, பக்கத்தில பிரேதம் கிடக்குது. எடுக்குமட்டும் இந்த ஒழுங்கையில ஒருத்தரும் அடுப்பு மூட்டமாட்டினம். நீங்கள் மீன் காய்ச்சச் சொல்லுறியள்.” “அவன் எனக்கு என்ன, அண்ணனோ தம்பியோ? காய்ச்சு. நல்லாப் புளிவிட்டுக் காய்ச்சு.” “சனம் என்ன கதைக்கும்?” “சனம் மூக்கைப் பொத்தட்டும்.” பிறகு பஞ்சாட்சரம் வந்தான், ஊரில் எந்தச் செத்தவீடு என்றாலும் பந்தல் போடுவதிலிருந்து பாடை கட்டுவது வரை ஓடித்திரிகிறவன். “ஏரம்பண்ணை, சனம் இருக்க வாங்கு காணாது. நீங்கள் இருக்கிற உந்த வாங்கை ஒருக்காத் தாங்கோ.” “நான் இதில இருக்கிறன், கண் தெரியேல்லையோ?” “நீங்கள் இருந்தபடியே இருங்கோ, நாலு பொடியள் வந்து தூக்குவாங்கள். வாங்கும் வந்ததாப் போகும், நீங்களும் வந்ததாப் போகும்.” “உன்ர பகிடியைக் கொண்டுபோய் உன்ர வீட்டில வை.” பஞ்சாட்சரம் சிரித்துக்கொண்டு போனான். போகிறவன் படலையில் நின்று மூக்கை உறிஞ்சினான். “பாரை போல கிடக்கு” என்றான். அப்போது அவன் சிரிக்கவில்லை.

ஏரம்பரின் மடியில் அந்தப் புத்தகம் இருந்தது. புத்தகம் என்றும் சொல்ல முடியாது, செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாளில் அடித்துக் கொடுக்கும் கல்வெட்டுப் போல மெல்லியது. அட்டையில் இரட்டைப் பின்னலோடு பள்ளிக்கூடச் சட்டையில் ஒரு பிள்ளை. தில்லையம்பலத்தின் மகள் வேணுகா. சண்டை முடிகிற கடைசிக் கிழமையில் தாயோடு சேர்ந்து செத்துப்போய்விட்டாள். அவள் எழுதி வைத்திருந்த கொப்பியை தகப்பன் இடுப்புக்குள் செருகிக்கொண்டு முட்கம்பி முகாம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தானாம். சுவிசில் இருக்கிற அவளின் தமையன் கன காலம் கழித்து அதை அச்சடித்து அனுப்பினான். போன வருசம் தில்லையம்பலம் அதைத் தானே கொண்டுவந்தான். இத்தனை வருசத்தில் இந்தப் படலையில் அவன் கை வைத்தது அந்த ஒருநாள்தான். “ஏரம்பண்ணை, வாசிச்சுப் பாருங்கோ” என்றான். ஏரம்பர் மறுபக்கம் திரும்பித் துப்பினார். அவன் புத்தகத்தைப் படலைக் கம்பில் செருகிவிட்டுப் போனான். தவமலர் எடுத்துவந்து தன் தையல் மெசின் பெட்டிக்குள் போட்டாள், வாசித்தாளோ என்னவோ, அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. நேற்றுப் பின்னேரம் அவன் கண்ணை மூடிவிட்டான் என்று கேட்டதிலிருந்து ஏரம்பருக்கு ஒரு மன அந்தரம். இன்னும் கொஞ்ச நேரத்தில் பாடை இந்தப் படலையைத் தாண்டித்தான் போகும். எல்லா வீட்டுக்காரரும் வெளியே வந்து நிற்பார்கள். அவர் நிற்கமாட்டார். நிற்காததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அது இவ்வளவு காலமும் அவர் நெஞ்சுக்குள்ளே மட்டும் இருந்தது, சொன்னால் சனம் உச்சுக்கொட்டிவிட்டுக் கதையை மாற்றிவிடும். அதே காரணம் அவன் மகளின் கையாலேயே எழுதப்பட்டு, அச்சடித்து, இந்தப் புத்தகத்துக்குள் கிடந்தால்? கிடக்க வேண்டும். பாடை வருவதற்கு முன் அதைக் கண்ணால் கண்டுவிட வேண்டும்.

அவர் மூன்றாம் வகுப்போடு மாடு சாய்க்கப் போனவர். வாசிப்பார், ஆனால் எழுத்து எழுத்தாக அல்ல. முதல் எழுத்தைப் பிடிப்பார், கடைசி எழுத்தைப் பிடிப்பார், நடுவைத் தானே போட்டுக்கொள்வார். நீளமான சொல் வந்தால் வேலிக் கடப்பைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போய்விடுவார். அப்படித்தான் பஸ் பலகை, உரப்பை, தேர்தல் நோட்டீஸ் எல்லாம் வாசித்து இந்த வயது வந்தது. இன்றைக்கு உதடு அசைந்தது, விரல் வரிக்குக் கீழே ஊர்ந்தது. இன்று பள்ளிக்கூடம் இருந்திருந்தால் எனக்கு விஞ்ஞானப் பரீட்சை, ஒருத்தருக்கும் தெரியாமல் சந்தோசப்பட்டேன். இதென்ன எழுத்து, சனம் செத்துக்கொண்டிருக்க இவளுக்குப் பரீட்சை. பேனையில் மை முடியப்போகிறது, சின்ன எழுத்தாக எழுதினால் கன நாளைக்கு வரும். கடல் கிட்ட இருக்கிறது, குளிக்க விடுகிறார்கள் இல்லை. எங்கட நாய் பின்னால் ஓடிவந்தது, உடையார்கட்டு தாண்டினதும் காணவில்லை, அப்பா திரும்பிப் பார்க்கக்கூடாது என்று சொன்னார். ஏரம்பருக்கு அந்த நாயைத் தெரியும். செம்மஞ்சள் நிறம், ஒரு காது மடிந்தது, இந்த வேலிக்குள்ளால் நுழைந்து அவருடைய மனுசி நேசத்தின் கையால் மீன்முள் தின்றுவிட்டுப் போகும். அப்போது இங்கே தகரம் இல்லை, கிடுகு வேலி, கிடுகில் ஒரு பொட்டு, அந்தப் பொட்டுக்குள்ளால் நாயும் வரும், இந்தப் பிள்ளையும் வரும், கறிக்கிண்ணமும் போய் வரும். அதை நினைக்க வரவில்லை அவர். பக்கத்தைப் புரட்டினார். எரிச்சலாக இருந்தது. குசினிக்குள் தவமலர் தேங்காய் துருவுகிற சத்தம் விட்டு விட்டு வந்தது, அவளுக்கு மனமில்லை, மனமில்லாத துருவல் அப்படித்தான் கேட்கும்.

நேசம் என்ற சொல் வந்தபோது விரல் நின்றுவிட்டது. இந்தச் சொல்லுக்கு அவர் நடுவைப் போட வேண்டியதில்லை. நேசம் மாமி இன்று தன்ர கூறைச்சீலையைத் தந்தா. ஓம், அது அவருக்குத் தெரியும், அதுதானே இவ்வளவு காலமும் தொண்டைக்குள் நிற்கிற முள். மாத்தளன் கடற்கரை மணலில் பங்கர் வெட்ட வெட்டச் சரிந்தது, மண்மூட்டை அடுக்கச் சாக்கு இல்லை, சனம் உள்ள சீலை எல்லாவற்றையும் வெட்டிப் பை தைத்தது. அவருடைய பங்கர் அடியில் தண்ணீர் ஊறி இடிந்துபோனது, அதனால் சத்தம் கேட்டால் தில்லையம்பலத்தின் பங்கருக்குத்தான் ஓட வேண்டும். அவருடைய மனுசியின் கூறைச்சீலையில் மண் அள்ளி அடுக்கின பங்கர், அதற்குள்ளே அவருடைய மனுசிக்கு இடமில்லாமல் போனது. இதை அவர் எத்தனை தடவை தனக்குத்தானே சொல்லியிருப்பார், தண்ணீர் அள்ளும்போது, பல் விளக்கும்போது, வேலிக்கு மேலே அவன் தலை தெரிகிற ஒவ்வொரு தடவையும். ஆனால் பிள்ளை அதற்குக் கீழே இன்னும் எழுதியிருந்தாள். வெட்டும்போது எங்கட அம்மா அழுதா. மாமி சிரிச்சா. “இனி இதை ஆருக்குக் கட்டிக் காட்ட? உன்ர மாமாவுக்கே? அந்தாள் கலியாணத்தண்டே பாக்கேல்லை, வெத்திலைத் தட்டத்தைத்தான் பாத்துக்கொண்டிருந்தது” எண்டு சொன்னா. நாங்கள் எல்லாரும் சிரிச்சோம். ஏரம்பர் அந்த வரியைத் திரும்ப வாசித்தார். திரும்பவும் வாசித்தார். நேசத்தின் குரல் அவருக்கு மறந்து கன காலம். முகம் இருந்தது, படத்தில் இருந்தபடியால். குரல் போய்விட்டது, அதை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. இப்போது ஒரு செத்த பிள்ளை அதைக் கொண்டுவந்து மடியில் வைக்கிறாள், உள்ளபடியே, அந்தக் குத்தலோடு. இப்படிச் சொன்னாளா. சனத்துக்கு நடுவில் சொன்னாளா. வெத்திலைத் தட்டம் அல்லடி, உன்ர கொப்பற்ற, என்ர மாமனாற்ற காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தனான், பயத்தில் என்று அவர் வாய்க்குள்ளே சொன்னார், சொன்னபிறகு வாங்கில் தனியே இருப்பது தெரிந்தது.

அந்தப் பக்கம் பிரேதத்துக்குச் சுண்ணம் இடிக்கத் தொடங்கினார்கள். பறை ஓய்ந்து பாட்டு எழும்பியது, பாட்டுக்கு நடுவே உரலில் உலக்கை விழுகிற சத்தம். டும். கொஞ்சம் பொறுத்து, டும். ஏரம்பரின் கழுத்து தானாக உள்ளே இழுத்துக்கொண்டது. தூரத்தில் செல் குத்துகிற சத்தம் இப்படித்தான் இருக்கும், அடியில், நிலத்துக்குள்ளே. குத்திவிட்டால் அது வந்து விழக் கொஞ்ச நேரம் இருக்கிறது, அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஒரு சனம் ஓடும், ஒரு சனம் அப்படியே நிற்கும், சட்டியை இறக்கி வைக்கிறவளும் இருப்பாள். உலக்கைதான், உலக்கைதான் என்று அவர் தொடையில் கையை அழுத்தினார். அன்றைக்கு அவர் கஞ்சி வரிசையில் நின்றார். குத்தியது கேட்டது, குனிந்தார், எழும்பினார், வாளியில் கஞ்சி இருக்கிறதா என்று பார்த்தார், பார்த்ததும் நினைவிருக்கிறது, அதுதான் அவமானம். வந்தபோது நேசம் தில்லையம்பலத்தின் பங்கர் வாசலில் குப்புறக் கிடந்தாள், ஒரு கை மண்மூட்டையில், தன் சீலையின் சரிகைக் கரையில். உள்ளே அவர்கள் எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். இவ்வளவுதான் அவர் கண்டது. மற்றது அவருக்குத் தெரியும், காணத் தேவையில்லை. இடமில்லை என்று தில்லையம்பலம் சொல்லியிருப்பான், அவள் வாசலில் நின்று கெஞ்சியிருப்பாள். தவமலர் அதற்கு முதலே காலில் காயப்பட்டு, காயக்காரரோடு கப்பலில் போய்விட்டாள், அழுவதற்கும் ஆள் இல்லை. ஏரம்பர் பக்கத்தைப் புரட்டினார். எழுத்து அசைந்தது. நேசம் மாமி எங்கட பங்கர் வாசலில் செத்துப்போனா. பிறகு ஒன்றும் இல்லை, வெள்ளை. அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் வாசல் பக்கம் இருந்தேன். கால் மரத்துப்போய் நீட்டிக்கொண்டிருந்தேன். அப்பா வா வா என்று மாமியைக் கூப்பிட்டார். மாமி என்ர காலைப் பார்த்துத் தயங்கினா. மிதிச்சுப்போடுவன் எண்டு நினைச்சிருப்பா. மடக்கியிருந்தால் இடம் இருந்தது. இதை நான் ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

இடம் இருந்தது. இதோ, அச்சில் இருக்கிறது, இடம் இருந்தது. இதைத்தானே தேடினார். நெஞ்சு நிமிர வேண்டும், நிமிரவில்லை. அவர் இத்தனை வருசமும் திட்டிவந்தது ஒரு ஆம்பிளையை, மீசை வைத்த, வேலிக்கு மேலே தலை தெரிகிற ஒருவனை. இப்போது அந்த இடத்தில் ஒரு பிள்ளையின் மரத்துப்போன கால் கிடக்கிறது, கிடுகுப் பொட்டுக்குள்ளால் வந்து போன மெல்லிய கால். அதை என்ன செய்வது. அதைத் திட்ட முடியுமா. அவசரமாக அடுத்த வரிக்குப் போனார், வேறு ஏதாவது வேண்டும், தில்லையம்பலத்தின் மேல் ஏதாவது. கிடைத்தது. அப்பா சொன்னார், எங்களுக்கும், நீளச் சொல் ஒன்று, தாண்டினார், துவக்கு. கண் அவசரத்தில் ஒரு வரியைத் தாவி விழுந்தது, ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். ஏரம்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். துவக்கு! அப்ப அவனிட்டைச் சுடுகிற துவக்கு இருந்திருக்கிறது. கள்ளன். பேசாமல் குனிந்துகொண்டு திரிந்தவன் பங்கருக்குள்ளே துவக்கு வைத்திருந்திருக்கிறான், அது தெரிந்துவிடும் என்றுதான் வெளியாளை உள்ளே எடுக்கவில்லை, கூப்பிட்டார் வா வா என்றெல்லாம் பிள்ளை தகப்பனுக்காக எழுதினது, துவக்கை எழுதினதுதான் உண்மை, பிள்ளை வாய் தவறி எழுதிவிட்டாள். எங்கே கிடைத்தது, ஆர் கொடுத்தது, ஏன் எங்களுக்கும் என்று எழுதினாள், வேறு ஆரிடம் இருந்தது? இருக்கட்டும். உடம்பில் இரத்தம் ஓடுகிறது, இதுதான் பழக்கமான சூடு, இந்தச் சூட்டில்தான் அவர் இவ்வளவு காலமும் குளிர் காய்ந்தார். “தவம்!” என்று கூப்பிட்டார். “குழம்பு கொதிச்சிட்டுதோ?” “கொதிக்குது. கதவைச் சாத்தவோ ஐயா? மணம் அங்க போகுது.” “சாத்தாத. திறந்து விடு.”

மணம் போனது. அவருக்கே தெரிந்தது, புளியும் மிளகாயும் மீனும் எழும்பி, தகரத்துக்கு மேலால் சுண்ணப் பாட்டுக்குள்ளே இறங்கிப்போகிறது. அவர் வெற்றியோடு அடுத்த வரியைப் பிடித்தார். பக்கத்துத் தறப்பாள் கொட்டில்காரர் மீன்ரின் ஒன்று தந்தார்கள். அப்பா திறக்க விடவில்லை. துவக்கு வீட்டில் மீன் தின்னக்கூடாதாம். ஏரம்பர் நின்றார். துவக்கு வீட்டில் மீன். துவக்கு இருக்கிற வீட்டில் ஏன் மீன் தின்னக்கூடாது? திரும்ப வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துப் போட்டார். விரலை எடுத்து, சிறுவயதில் அடி வாங்கிப் படித்ததுபோல, ஒவ்வொரு எழுத்தாக வைத்தார். து. நடுவில் வ இல்லை. நிமிர்ந்து நிற்கிற ஒரு கோடு, அதன் அடியில் படுத்த ஒரு கோடு. ட. து, ட, க், கு. துடக்கு. அவர் முந்தின பக்கத்துக்குத் திரும்பி, தாண்டிப்போன நீளச் சொல்லிலும் விரலை வைத்தார். மு. ப். ப. த். தொ. எங்களுக்கும் முப்பத்தொரு நாள் துடக்கு. மாமியின் உயிர் எங்கட வாசலில்தான் போனது, அதனால் மாமி எங்கட வீட்டுச் சாவு. ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம், செல் விழுகிற இடத்தில் துடக்கோ என்று சனம் சிரிக்கும் என்றும் சொன்னார். செத்தவரின் சொந்தக்காரர் காக்கிற துடக்கு. ஒரு மாதம் மீனோ இறைச்சியோ எந்த மச்சமும் தொடாமல், கோயில் வாசல் மிதிக்காமல். இவர்கள் காத்திருக்கிறார்கள். தின்ன ஒன்றுமில்லாத இடத்தில், வந்த மீனைத் திறக்காமல்.

மீன்ரின். விரல் அடுத்த வரிக்குப் போக மறுத்தது, அவருக்கு அந்த ரின்னைத் தெரியும். தறப்பாள் ஓரத்தில் மணலில் அரைவாசி புதைந்து நின்றது, ஒரு விடிகாலையில். நிவாரணம் கொடுக்கிற பொடியன்கள் வைத்திருப்பார்கள் என்றுதான் நினைத்தார். இல்லை, ஒன்றும் நினைக்கவில்லை. நேசம் போய் எத்தனையாவது நாள் என்றும் நினைக்கவில்லை. கத்தியால் குத்தி, தகரத்தை வளைத்து, விரலை விட்டார், விரலில் கீறியது, இரத்தமும் எண்ணெயும் சேர்ந்து நக்கினார். முள் மெத்தென்று கரைந்தது. அவர் இந்த வாயால் எவ்வளவோ தின்றிருக்கிறார், கலியாணவீட்டில், திருவிழாவில், ஆனால் உண்மையைச் சொன்னால் அதைப்போல ருசி ஒன்றும் இல்லை. அதைத்தான் அவர் தவமலருக்கும் சொல்லவில்லை. எண்ணெயைக் குடித்தார். ரின்னைக் கவிழ்த்து நாக்கை விட்டார். அப்போது ஒரு கண்ணும் பார்க்கவில்லை. விரல் தானாக நகர்ந்தது. அப்பா சொன்னார், ஏரம்பு மாமா கஞ்சி வரிசைக்கும் போறதில்லை, நான் குடுத்தால் வாங்கமாட்டார், நீ வைச்சிட்டு வா, அவரும் தின்னமாட்டார்தான், துடக்கெல்லோ, ஆனால் மாத்தி அரிசி வாங்குவார் எண்டு. நான் வைச்சிட்டு மறைஞ்சு நிண்டேன். மாமா திறந்து தின்றார். எல்லாத்தையும் தின்றார். எனக்கு வாய் ஊறிச்சுது. அப்பாவுக்குச் சொல்லவில்லை, அரிசி வாங்கினார் எண்டு சொன்னேன்.

ஏரம்பர் புத்தகத்தை மூடவில்லை, மூட மறந்துபோனார். இதைத் தில்லையம்பலம் வாசித்திருக்கிறான். வாசித்துவிட்டுத்தான் கொண்டுவந்தான். மகளின் காலும் இதில் கிடக்கிறது, அவருடைய நாக்கும் கிடக்கிறது, இரண்டையும் அறிந்துகொண்டுதான் வாசிச்சுப் பாருங்கோ என்றான், அதற்கு அவர் துப்பினார். சுவிசில் வாசித்திருப்பார்கள். அந்தப் பக்கம் பந்தலுக்குள் வாங்கு இல்லாமல் நிற்கிற சனம் முழுக்க வாசித்திருக்கும், பஞ்சாட்சரம் வாசித்திருப்பான், பாரை போல கிடக்கு என்று சிரிக்காமல் சொன்னானே. இப்போது எல்லாருடைய மூக்கிலும் அவருடைய குழம்பு ஏறுகிறது. இரண்டாந்தரமும் தின்னப்போகிறான் என்று நினைப்பார்கள். பறை ஒரேயடியாக எழும்பியது, ஒப்பாரி பிய்ந்து சிதறியது, பாடையைத் தூக்கிவிட்டார்கள். எழும்ப வேண்டும். படலைக்குப் போக வேண்டும். கால் எழும்பவில்லை. இவ்வளவு நேரமும் மடித்து வைத்திருந்த கால், மரத்துப்போய்க் கிடக்கிறது, வேறு ஆருடைய காலோபோல. கையால் பிடித்து நீட்டினார். சங்கு படலையடியில் கேட்டது, ஒழுங்கையில் கேட்டது, வளைவில் கேட்டது. வாங்கைப் பிடித்துக்கொண்டு அவர் நிமிர்ந்து நின்றபோது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. யாரோ ஒருத்தி மட்டும் தும்புத்தடியால் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“ஐயா, கொண்டுபோட்டினம். இனியெண்டாலும் வந்து சாப்பிடுங்கோ” என்று தவமலர் வந்தாள். கையில் சாப்பாட்டுக் கோப்பை, சோற்றுக்கு மேலே மீன்தலை. அவர் அதைப் பார்க்காமல் சொன்னார், “கொண்டுபோய்க் கொட்டு.” “என்ன? உப்புக் கூடவோ?” “சட்டியோட கொட்டு. முப்பத்தொண்டு முடியுமட்டும் இந்த வீட்டில மச்சம் வேண்டாம். எங்களுக்குத் துடக்கு.” அவள் வாங்கில் திறந்து கிடந்த புத்தகத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “துடக்கோ? அவை எங்களுக்கு என்ன முறை ஐயா?” கிணற்றுக்கட்டில் வாளி இருந்தது, அவர் நொண்டிக்கொண்டு போய் விரல்களை அதற்குள் விட்டார், ஒவ்வொரு விரலாகத் தேய்த்தார், நக இடுக்கை, பழைய கீறல் தழும்பை. “நீங்கள் இன்னும் சாப்பிடேல்லையே” என்றாள் மகள். அவர் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.